குன்மம் முதல் புற்று வரை: இரைப்பை நோய் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழர் பேச்சு வழக்கில் வயிற்றுக்கு உள்ள இடம் பெரிது. பிழைப்பை ‘வயிற்றுப்பாடு’ என்கிறோம். பொறாமையை ‘வயிற்றெரிச்சல்’ என்கிறோம். பிள்ளை வீடு திரும்பத் தாமதமானால் ‘வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு’ காத்திருக்கிறோம். நம் மந்தாரக்குப்பத்திற்கு அருகிலுள்ள வடலூரில் 1867ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசியைப் பிணி என்றே கருதி அதற்கு மருந்தாக உணவளித்தார். வயிற்றின் துன்பம் மனிதனின் முதல் துன்பம் என்பதை உணர்ந்த மண் இது.

ஆயினும் வயிற்றில் தோன்றும் நோயைப் பொறுத்தவரை நாம் பெரிதும் அசட்டையாகவே இருந்து வருகிறோம். மேல்வயிறு எரிந்தால் ‘கேஸ் டிரபிள்’ என்கிறோம். மருந்துக்கடைக்குச் சென்று ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். எரிச்சல் அடங்கியதும் மறந்துவிடுகிறோம். சித்த மருத்துவம் வயிற்று நோய்களைக் ‘குன்மம்’ என்னும் பெயரால் குறித்து, அதனை எட்டு வகையாகப் பகுத்துக் கூறுகிறது. நோயுற்றவர் வலியால் குன்றிப்போவதால் இப்பெயர் வந்தது எனப் பொருள் கூறுவர். எட்டு வகையாகப் பிரித்துப் பார்த்த அந்த நுட்பம், எல்லாவற்றையும் ‘வாயு’ என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடும் நம்மிடம் இன்று இல்லை.

இரைப்பையின் உட்சுவரில் ஒரு நுண்ணுயிரால் ஏற்படும் மாற்றங்கள் யாவை, அவை எவ்வாறு ஒரு சிலரிடத்துப் புற்றுநோயாக முடிகின்றன, அம்முடிவைத் தடுக்க வழியுண்டா என்பனவற்றை மருத்துவம் பயிலாதோரும் அறியுமாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரைப்பையின் உட்சுவர்

இரைப்பை வெறும் தோற்பை அன்று; அது ஓர் ஆலை. அதன் உட்சுவரில் எண்ணற்ற நுண்சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒருவகை உயிரணுக்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. மற்றொரு வகை புரதத்தைச் செரிக்கும் நொதியின் முன்வடிவத்தைச் சுரக்கின்றது. அமிலத்தைச் சுரக்கும் உயிரணுக்களே பி12 உயிர்ச்சத்தைக் குடல் ஈர்ப்பதற்குத் தேவையான ஒரு புரதத்தையும் தருகின்றன. ஆகவே, இரைப்பைச் சுவர் நலிந்தால் செரிமானம் மட்டுமன்றி இரத்தமும் கெடும்.

இறைச்சியையே கரைக்கவல்ல அமிலம் இரைப்பையைக் கரைக்காதது ஏன் என்னும் வினா எழலாம். உட்சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று போர்வைபோல் படர்ந்துள்ளது. அமிலத்தின் காரத்தை மாற்றும் பைகார்பனேட்டும் அப்படலத்தினுள் சுரக்கிறது. அன்றியும், மேற்பரப்பு உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாக முளைக்கின்றன. இவ்வாறு இடையறாது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்பே இரைப்பையின் வலிமை. ஆனால், இடையறாது உயிரணுக்கள் பிளந்து பெருகும் இடத்தில் பிழை நேரும் வாய்ப்பும் மிகுதி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னால் வரும் செய்திகளுக்கு இதுவே அடிப்படை.

மூடப்பட்ட கதவும் திறந்த இருவரும்

இத்துணைக் கடுமையான அமிலத்தில் எந்த நுண்ணுயிரும் வாழ இயலாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1954ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பால்மர் என்பார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரைப்பைத் திசுக்களைச் சோதித்து, அங்கு நுண்ணுயிர் எதுவும் நிலைத்து வாழவில்லை என முடிவு கூறினார். அத்துடன் அவ்வினா ஏறத்தாழக் கால் நூற்றாண்டு மூடிவைக்கப்பட்டது. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் மிகை அமிலமுமே காரணம் என்பது பாடநூல் உண்மையாயிற்று. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வந்தன, புண் ஆறியது, மருந்தை நிறுத்தியதும் மீண்டும் வந்தது.

1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் வல்லுநர் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களின்மேல் வளைந்த வடிவுடைய நுண்ணுயிர்கள் படிந்திருப்பதைக் கண்டார். உடன் பணியாற்றியோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1981இல் பேரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். இருவரும் அந்நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்க்கப் பலமுறை முயன்றும் இயலவில்லை. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் கூடுதலான நாள்கள் அப்படியே விடப்பட்டன. விடுமுறை முடிந்து பார்த்தபோது அவற்றில் நுண்ணுயிர் வளர்ந்திருந்தது. மெல்ல வளரும் அவ்வுயிருக்குத் தேவைப்பட்டது அவகாசமே என்பது அப்போது விளங்கிற்று.

அதன்பின்னும் உலகம் ஏற்கவில்லை. 1984ஆம் ஆண்டு மார்ஷல் அந்நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே அருந்தினார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் தோன்றின; அதற்கு முன் நலமாயிருந்த அவரது இரைப்பையில் அழற்சி ஏற்பட்டிருப்பதை உள்நோக்கிச் சோதனை காட்டியது. தன்னுடலையே ஆய்வுக்களமாக்கிய அச்செயல் பின்பற்றத்தக்கதன்று. எனினும் வரலாற்றை மாற்றியது. அந்நுண்ணுயிர் 1989ஆம் ஆண்டு முதல் ‘ஹெலிகோபேக்டர் பைலோரி’ என்னும் பெயரால் வழங்கப்படுகிறது. 2005ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவர்க்கும் அளிக்கப்பட்டது.

அமிலத்தில் வாழும் உயிர்

இந்நுண்ணுயிர் அமிலத்தில் எவ்வாறு பிழைக்கிறது? இது ‘யூரியேஸ்’ என்னும் நொதியைப் பெருமளவில் உண்டாக்குகிறது. அந்நொதி இரைப்பையில் உள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவைத் தருகிறது. அம்மோனியா அமிலத்தை முறிக்கும். தன்னைச் சுற்றி இவ்வாறொரு காப்பை அமைத்துக்கொண்டு, நூல்போன்ற கசையிழைகளால் நீந்திச் சென்று, சளிப்படலத்தைத் துளைத்து அதன் அடியில், அமிலம் எட்டாத ஓரத்தில் அது குடியேறிவிடுகிறது.

தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஏற்படுகிறது. வாய்வழியாகவும், மலத்தால் மாசுபட்ட நீர், உணவு ஆகியவற்றின் வழியாகவும் குடும்பத்தாரிடையே இது பரவுகிறது. நெருக்கடியான இருப்பிடம், தூய நீரின்மை, கழிப்பிட வசதிக் குறைவு ஆகியன இதற்குத் துணைசெய்வன. தாய் தன் வாயில் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டுவதும் ஒரு வழியாகலாம். ஒருமுறை குடியேறினால் மருத்துவம் செய்தாலன்றி அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இத்தொற்று உடையோர் என்பது பல ஆய்வுகளிலிருந்து தெரியவருகிறது. மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய காலந்தொட்டே இவ்வுயிரும் நம்மோடு பயணம் செய்து வந்துள்ளது என்று மரபணு ஆய்வாளர் நிறுவியுள்ளனர்.

உட்சுவரில் நிகழும் படிநிலை மாற்றங்கள்

நெய்வேலி மண்ணில் வாழும் நமக்குப் படிநிலை மாற்றம் என்பதை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருகாலத்தில் செழித்திருந்த மரஞ்செடிகள் சதுப்பில் புதைந்து, முற்றா நிலக்கரியாகிப் பின் பழுப்பு நிலக்கரியாயின. இடையில் எந்த ஒரு நாளையும் சுட்டி ‘இன்றுதான் மாறியது’ என்று கூற இயலாது. இரைப்பையின் உட்சுவரில் நிகழும் மாற்றமும் அத்தகையதே. அதற்கு வேண்டிய காலம் மட்டும் சில பத்தாண்டுகள்.

கொலம்பியா நாட்டைச் சேர்ந்த பெலாயோ கொரேயா என்னும் நோய்க்குறியியல் அறிஞர் இம்மாற்றங்களை ஒரு தொடராக வகுத்துக் காட்டினார். 1975ஆம் ஆண்டு அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கருத்து, பின்னர் நுண்ணுயிரின் பங்கும் தெரியவந்தபோது மேலும் செம்மையுற்றது. அத்தொடரைப் பின்வருமாறு கூறலாம்.

முதற்படி, நாட்பட்ட அழற்சி. நுண்ணுயிரை விரட்ட உடலின் வெள்ளணுக்கள் இரைப்பைச் சுவருள் திரள்கின்றன. எதிரி அகலாமையால் போரும் ஓய்வதில்லை. தொற்றுடையோர் ஏறத்தாழ அனைவரிடமும் இந்நிலை காணப்படும். பெரும்பாலோர்க்கு எந்தத் துன்பமும் தெரியாது.

இரண்டாம் படி, நலிவு. ஓயாத அழற்சியால் அமிலமும் நொதியும் சுரக்கும் சுரப்பிகள் சிறிது சிறிதாக அழிகின்றன. சுவர் மெலிகிறது, அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்த இரைப்பையில் வேறு நுண்ணுயிர்களும் புகுந்து பெருகுகின்றன. உணவிலுள்ள நைட்ரேட்டுகளிலிருந்து கேடு விளைக்கும் பொருள்கள் தோன்றவும் இடமுண்டு. ‘அமிலம் மிகுந்தால்தான் நோய்’ என்று எண்ணுகிறோம். புற்றுக்குச் செல்லும் வழியிலோ அமிலம் குறைகிறது என்பது கருதத்தக்கது.

மூன்றாம் படி, குடலுருமாற்றம். அழிந்த இரைப்பை உயிரணுக்களின் இடத்தில் குடலுக்கு உரிய உயிரணுக்கள் முளைக்கின்றன. நெல் விளைந்த வயலில் வேறொரு பயிர் தானே முளைத்தது போன்றது இது. இதுவே புற்றன்று, ஆனால், நிலத்தின் இயல்பு மாறிவிட்டது என்பதற்கு அடையாளம்.

நான்காம் படி, ஒழுங்குகுலைவு. உயிரணுக்களின் வடிவும் அளவும் அடுக்கும் சீர்குலைகின்றன. இது புற்றுநோயின் வாயில்.

ஐந்தாம் படி, புற்றுநோய். கட்டுப்பாடின்றிப் பெருகும் உயிரணுக்கள் உட்சுவரைத் துளைத்துத் தசைக்கும், நிணநீர்க் கணுக்களுக்கும், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கும் பரவுகின்றன.

‘புற்று’ என்று நம் முன்னோர் இந்நோய்க்கு இட்ட பெயர் மிகப் பொருத்தமானது. நிலத்தின் மேல் தோன்றும் புற்று சிறிதாயிருப்பினும், அதற்கு நெடுநாள் முன்பே அடியில் அறைகளும் வழிகளும் அமைந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது முடிவேயன்றித் தொடக்கமன்று.

தொற்றுடையார் அனைவர்க்கும் புற்று வருமா?

இவ்வினாவுக்கு ‘வாராது’ என்பதே விடை. வாசகர் வீணாக அஞ்சலாகாது என்பதற்காக இதனை வலியுறுத்திக் கூறுகிறேன். தொற்றுடையோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையிலேயே வாழ்நாளில் இரைப்பைப் புற்று தோன்றுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. ஆயினும் உலகில் பாதியளவு மக்கள் தொற்றுடையோராதலால், அச்சிறு விழுக்காடும் பெருந்தொகையாகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 9,68,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,60,000 பேர் இறந்தனர்.

உலக நல அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994ஆம் ஆண்டு இந்நுண்ணுயிரைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகையிலையும் அத்தொகுதியிலேயே உள்ளது. ஜப்பானில் உவேமுரா குழுவினர் 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். தொற்றுடைய 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று தோன்றியது. தொற்றில்லாத 280 பேரில் ஒருவர்க்கும் தோன்றவில்லை.

ஒரே நுண்ணுயிர் ஒருவர்க்குப் புண்ணையும் மற்றொருவர்க்குப் புற்றையும் தருவது ஏன்? அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் மிகுந்தால் அமிலம் அதிகமாகச் சுரந்து முன்சிறுகுடலில் புண் உண்டாகிறது. அத்தகையோர்க்கு இரைப்பைப் புற்று வருவது அரிது. அழற்சி இரைப்பையின் உடற்பகுதி முழுவதும் படர்ந்தால் சுரப்பிகள் நலிந்து, மேற்கூறிய படிகளில் நோய் இறங்குகிறது. நுண்ணுயிரின் வகை, மனிதரின் மரபு, உணவு, புகை ஆகியன எவ்வழி என்பதைத் தீர்மானிக்கின்றன. நுண்ணுயிரின் சில வகைகள் ‘காக்-ஏ’ என்னும் புரதத்தை நம் உயிரணுக்களுக்குள் ஊசிபோல் செலுத்தி அவற்றின் ஒழுங்கைக் குலைக்கின்றன. தொற்றின்றியே மரபுக் குறைபாட்டால் இரைப்பைப் புற்று தோன்றும் குடும்பங்களும் உலகில் சில உண்டு.

தமிழகத்தின் நிலை

இந்தியாவில் இத்தொற்று மிகுதி. ஆனால், ஜப்பான், கொரியா நாடுகளை நோக்க இரைப்பைப் புற்று குறைவு. ஆய்வாளர் இதனை ‘இந்தியப் புதிர்’ என்றே குறிப்பிடுவர். அப்புதிருக்குள் இன்னொரு புதிராக அமைந்திருப்பது தமிழகம். 

மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், முன்சிறுகுடற் புண் நம் நாட்டில் கோதுமை உண்ணும் வடமேற்குப் பகுதிகளைவிட அரிசி உண்ணும் தென்பகுதிகளில் மிகுந்திருப்பதை ஆராய்ந்து எழுதினார். புண்ணுக்கு மட்டுமன்றிப் புற்றுக்கும் தென்னகம் இடமாயிருப்பதைப் பின்வந்த பதிவுகள் காட்டின.

இங்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பணியை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954ஆம் ஆண்டு அந்நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் தம் வாழ்நாளை அதற்கே அளித்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ்ச் சென்னை மாநகரப் பதிவகம் அங்கு அமைந்தது. 1982 முதல் திரட்டப்பட்ட அப்பதிவுகள், தொடக்க ஆண்டுகளில் சென்னை ஆடவரிடையே இரைப்பைப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது என்பதைக் காட்டின. பின்னர் நுரையீரல் புற்று முந்தியது எனினும், தமிழக ஆடவரின் முன்னணிப் புற்றுநோய்களுள் ஒன்றாகவே இது நீடிக்கிறது. இந்தியாவில் இந்நோய் மிகமிக அதிகமாகக் காணப்படுவது மிசோரம் மாநிலத்தில். அங்குப் புகையிலைப் புகையை நீரில் ஏற்றி வாயிலிட்டுக்கொள்ளும் பழக்கமும், புகையூட்டிய, உப்பிட்ட உணவுகளும் காரணங்களாக ஆராயப்பட்டுள்ளன.

உப்பும் புகையும் தூசியும்

காரம் உண்பதால் புண்ணும் புற்றும் வரும் என்பது நம்மிடையே நிலவும் நம்பிக்கை. காரம் எரிச்சலைத் தூண்டலாம்; ஆனால், மேற்கூறிய தொடரைத் தொடங்கிவைப்பது மிளகாயன்று, நுண்ணுயிரே. மிளகாயைக் காட்டிலும் உப்பின்மீதே ஐயம் வலுவாக உள்ளது. மிகை உப்பு இரைப்பையின் காப்புப் படலத்தைக் கெடுத்து, நுண்ணுயிரின் வேலையை எளிதாக்குகிறது. கருவாடும் ஊறுகாயும் நம் கடலூர் மாவட்டத்து உணவில் நீங்கா இடம் பெற்றவை. அவற்றை அறவே விலக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் அவையே துணைக்கறியாக அமைவதைத் தவிர்த்தல் நலம். பழங்களும் காய்கறிகளும் நன்மை பயப்பன.

அமெரிக்காவில் 1930களில் ஆடவரின் புற்றுநோய் இறப்புகளில் இரைப்பைப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் அது பெரிதும் குறைந்தது. குளிர்பதனப் பெட்டி வந்தமையால் உப்பிட்டும் புகையூட்டியும் உணவைக் காக்கும் தேவை குறைந்ததும், தூய நீரும் நல்ல இருப்பிடமும் வாய்த்ததால் தொற்று குறைந்ததும் இதற்குக் காரணங்கள் என்பர். எந்தப் புது மருந்தும் வருமுன்னரே வாழ்க்கை முறை மாற்றத்தால் ஒரு புற்றுநோய் பின்வாங்கியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

புகைபிடித்தல் இந்நோயின் வாய்ப்பை உயர்த்துகிறது. அடையாறு நிலையத்தார் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதனை நம் மக்களிடையே உறுதிப்படுத்திற்று. பீடிக்கும் இது பொருந்தும்.

சுரங்கத்தை அடுத்து வாழும் நம்மிடம் மாணவர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: நிலக்கரித் தூசி இரைப்பைப் புற்றைத் தருமா? பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ஆம் ஆண்டு நிலக்கரித் தூசியை ஆராய்ந்து, அது மனிதர்க்குப் புற்றை உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ வகைப்படுத்தச் சான்று போதாது எனக் கூறியது. ஆகவே, தூசியைத் தவிர்ப்பது நுரையீரலுக்கு நலம் என்பதில் ஐயமில்லை. வயிற்று நோய்க்கு அதனையே காரணமாக்கிவிட்டு மருத்துவச் சோதனையைத் தள்ளிப்போடுவது பிழை.

கண்டறிதலும் மருத்துவமும்

மெல்லிய குழாய் வடிவ உள்நோக்கியை வாய்வழியே செலுத்தி இரைப்பையை நேரில் பார்க்கும் முறையே எண்டாஸ்கோப்பி. சில நிமிடங்களில் முடிவது, அஞ்சத்தக்கதன்று. அப்போது எடுக்கப்படும் சிறு திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் சோதித்து, நோய் எப்படியில் உள்ளது என அறியலாம். திசுத் துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் நிறக் கரைசலில் இட்டால், நுண்ணுயிர் இருப்பின் அது இளஞ்சிவப்பாக மாறும். மூச்சுச் சோதனை, மலச் சோதனை ஆகியவற்றாலும் தொற்றைக் கண்டறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை உண்டுவந்தால் இச்சோதனைகள் தவறான முடிவைத் தரக்கூடும். எனவே, சோதனைக்கு இரு வாரம் முன்பே அவற்றை மருத்துவர் நிறுத்தச் சொல்வர்.

தொற்று உறுதியானால் அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள்கள் உட்கொள்ளுமாறு மருத்துவர் பணிப்பர். இங்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கண்டபடி வாங்கி விழுங்குவதால், இக்கிருமி சில மருந்துகளுக்கு அஞ்சாத நிலையை எய்திவிட்டது. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதென்று மருந்தை நிறுத்துவோரும் அந்நிலைக்கே துணைபுரிகின்றனர். மருந்து முழுவதையும் உண்டு, முடித்துக் குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, நுண்ணுயிர் ஒழிந்ததா என மீண்டும் சோதித்தல் வேண்டும்.

நுண்ணுயிரை ஒழித்தால் புற்று குறையுமா? கொரியாவில் இரைப்பைப் புற்று நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரிடையே நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லி பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், பெறாத 844 பேரில் 23 பேருக்கும் புற்று தோன்றியது. தைவானுக்குரிய மாட்சுத் தீவுகளில் 2004ஆம் ஆண்டு முதல் மக்கள் அனைவரையும் சோதித்து மருத்துவம் செய்ததன் பயனாக, இரைப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனினும், படிநிலையில் எவ்வளவு முன்னதாக ஒழிக்கிறோமோ அவ்வளவு நன்மை. அழற்சி தணியும், நலிவு ஓரளவு சீர்படும், குடலுருமாற்றம் தோன்றிவிட்டால் திரும்புவது அரிது. அத்தகையோர் கிருமி ஒழிந்த பின்னும் மருத்துவர் கூறும் கால இடைவெளியில் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இரைப்பைப் புற்றுடைய ஒருவரின் உடன்பிறந்தாரும் மக்களும் தொற்றுச் சோதனை குறித்து மருத்துவரிடம் கேட்பது நன்று.

அசட்டை செய்யலாகாத அறிகுறிகள்

எங்கள் தெருவில் அனைவரும் ‘பெரியத்தா’ என்று அழைத்த முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய சட்டைப்பையில் செரிமான மாத்திரை இல்லாத நாளில்லை. ‘வாயுதான், வேறொன்றுமில்லை’ என்று சிரித்தபடியே ஈராண்டு கழித்தார். உண்ட இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது என்றார், வயதாகிவிட்டது என்றனர். உடல் மெலிந்தது, சர்க்கரையாயிருக்கும் என்றனர். மலம் கறுத்துப் போனதை அவர் வெட்கத்தால் எவரிடமும் கூறவில்லை. இறுதியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது நோய் கல்லீரலை எட்டியிருந்தது. அவருடைய மாத்திரைகள் அவரை ஏமாற்றவில்லை. அவை எரிச்சலைத் தணித்தன, நோயை மறைத்தன. அவை செய்யக்கூடியது அவ்வளவே.

ஆகவே, பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினும் மருந்துக்கடையைத் தாண்டி மருத்துவரிடம் செல்ல வேண்டும்: காரணமின்றி உடல் எடை குறைதல், சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைதல், உணவு விழுங்க முடியாமை, ஓயாத வாந்தி, இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், காரணம் விளங்காத இரத்தசோகை, மேல்வயிற்றில் கட்டி. ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தோன்றும் செரியாமையையும் எளிதாக எண்ணலாகாது. இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டாலும் மலம் கறுக்கும் என்பதால், அதனையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

தொடக்க நிலையில் கண்டறிந்தால் உள்நோக்கி வழியாகவோ அறுவை மூலமாகவோ நோயை நீக்கலாம். ஜப்பானில் தொடக்க நிலையில் கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நம்மிடையே பெரும்பாலோர் காலம் கடந்தே வருகின்றனர். வேறுபாடு மருத்துவரின் திறமையில் இல்லை. நாம் செல்லும் நாளில் உள்ளது. நம் பகுதியினர்க்கு உள்நோக்கிச் சோதனைக்கும் மேல் மருத்துவத்துக்கும் புதுச்சேரி ஜிப்மர் எட்டும் தொலைவிலேயே உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் மருத்துவமும் அடங்கும்.

நோன்பும் இரைப்பையும்

நம் வாசகர் பலர்க்கும் எழும் ஐயம் ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். நோன்பு நோற்பதால் இந்நோய் வருவதில்லை. நோய்க்குக் காரணம் பட்டினியன்று, தொற்று. ஆனால், புண் ஆறாத நிலையில் உள்ளோரும், இரத்தக் கசிவு உடையோரும் ரமலான் மாதத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்து நோன்பு பற்றி முடிவுசெய்தல் வேண்டும். நோயாளிக்குச் சலுகையுண்டு என்பதைப் பெரியோர் இளையோர்க்கு எடுத்துச் சொல்வது பெருந்துணையாகும். இரண்டு வார மருந்தை இடைநிறுத்தாமல் முடிக்க வேண்டுமாதலால், அதனை எப்போது தொடங்குவது என்பதையும் மருத்துவரிடமே கேட்டறிதல் நலம்.

முடிவுரை

நோய் இன்னதென்று அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து மருத்துவம் செய்யவேண்டும் என்னும் வரிசையைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துத் தந்துள்ளது. நாமோ முதலிரண்டையும் விட்டு, தணிக்கும் வழியிலிருந்தே தொடங்குகிறோம். எரிச்சல் நோயன்று, நோயின் குரல். குரலை அடக்குவதால் நோய் அடங்குவதில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். உங்கள் வீட்டில் பெற்றோரோ முதியவரோ நாள்தோறும் செரிமான மாத்திரை உண்பவராயின், எத்தனை மாதங்களாக உண்கிறார், எடை குறைந்துள்ளதா, மலத்தின் நிறம் எவ்வாறுள்ளது என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அச்சத்துக்கு இடமில்லாத விடையே கிடைக்கும். ஏதேனும் ஒரு வீட்டில் வேறு விடை கிடைத்து, அவர் உரிய காலத்தில் மருத்துவரிடம் சென்றால், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறும்.